மைக்கு மாரப்பனும் கிருபாவின் இடது தோளும்

சிங்காநல்லூர் மைக்கு மாரப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவரைப் பெற்ற ரங்கம்மாளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வாய் அங்கிருந்து வந்தது. வீட்டுக்கு ஒரம்பரை சனம் வந்துவிட்டால் சேவல் அடித்து, சந்தகை பிழிந்து, இலை கொள்ளாமல் பரிமாறிவிட்டு, "ஒண்ணுமே பண்ணலீங்க, வெறும் ரசஞ்சோறுதானுங்க" என்பாள் ரங்கம்மாள். மகள் தெய்வாத்தாளைப் பெண் பார்க்க வந்தபோது, "எம்புள்ளைக்கு ஒரு வேலையுந் தெரியாதுங்க, நீங்கதான் பாத்துப் பழக்கிக்கோணும்" என்றாள். அந்தப் பிள்ளை அன்று காலையில்தான் இரண்டு எருமையைக் கறந்து, வந்த கூட்டத்துக்கெல்லாம் பலகாரம் சுட்டு வைத்திருந்தது. வந்தவர்களும் நம் பக்கத்து ஆட்கள், சொன்னதைத் திருப்பிப் போட்டு எடுத்துக்கொண்டார்கள். தன்னுடையதைத் தாழ்த்திச் சொன்னால் கண் படாது, வந்தவர் மனசும் குளிரும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, பாலோடு வருவது.

அந்தப் பாலைக் குடித்தவர்தான் மாரப்பன். மில் ஓடிய காலத்தில் பஞ்சு உடைக்கும் பகுதியில் வேலை. மில் மூடிய பிறகு ஒரு ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் குழாயும் வாங்கிப்போட்டார். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் சாவுச் செய்தியும் அவர் குரல், மாரியம்மன் பொங்கலும் அவர் குரல், நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்பதும் அவர் குரல். குளத்துக்குப் பக்கத்து மைதானத்தில் கால்பந்தாட்டம் நடந்தால் மைக் மேசை அவருடையது. ஆட்டம் என்ன, ஆள் என்ன என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த மைதானத்து டீமுக்குக் குளத்தேரி பிரண்ட்ஸ் என்று பெயர். பட்டறைப் பையன்கள், டெலிவரி ஓட்டுகிறவர்கள், பீளமேட்டில் காலேஜ் படிக்கிற ஒன்றிரண்டு பேர். கோல் காப்பது, அவர்கள் பேச்சில் கோலி, தெய்வாத்தாளின் மகன் கிருபாசங்கர். முப்பதைத் தாண்டியவன், லேத்து வேலைக்காரன். மாரப்பனுக்குச் சொந்த அக்காள் தங்கை மக்கள் எத்தனையோ இருந்தாலும் உயிர் இவன்மேல்தான்.

அந்த வருஷம் காலிறுதிக்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு டீம் வருவதாக ஏற்பாடு. போன வருஷம் திருப்பூரையும் ஈரோட்டையும் அடித்து நொறுக்கிவிட்டுப் போனவர்கள். அவர்கள் முன்னால் குளத்தேரிப் பையன்கள், யானைக்கு முன்னால் வாழைக்கன்று மாதிரி.

வியாழக்கிழமை சாயந்தரம் கேப்டன் சாய்குமார் மண்ணில் கல் வைத்துக் காட்டினான். மாரப்பனும் உட்கார்ந்து கேட்டார்.

"அவங்களோட சரிக்குச் சரி ஓடுனா செத்தோம். எட்டுப் பேரு பின்னாலயே நிக்கோணும், ரெண்டு வரிசையா. நடுவுல பந்த வெச்சு வெளையாடட்டும், விட்டுருங்க. டாஸ் நமக்கு வந்தா பின்பாதில அவங்க கோலி மேக்க பாத்து நிக்கற மாதிரி எடுக்கறோம். அஞ்சு மணிக்கு வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும். அப்ப நான் ஓரத்துல ஓடுறேன், எனக்குத் தூக்கிப் போடுங்க. ஒசரமா அடிக்கிறேன். ஒரு கோலு போதும்."

"வெயிலையும் டீம்ல சேத்துட்டான்டா," என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் கணக்கு நல்ல கணக்கு.

வீட்டுக்கு நடக்கும்போது கிருபா மாமனைத் தனியாக நிறுத்தினான். "மாமா, ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. எடது தோளு போன மாசம் பட்டறையில எறங்கிப்போச்சு. வெச்சுக் கட்டீட்டு வந்துட்டேன். ஆனா கை தலைக்கு மேல போக மாட்டீங்குது."

"அப்பறம் எதுக்குக் கண்ணு கோலுல நிக்கற?"

"வேற கோலி ஏதுங்க? பசங்களுக்குத் தெரிஞ்சா பயந்துக்குவாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுது ஊரைக் கூட்டிப்போடும். ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான்."

"என்ற நாக்கு அறுந்தாலும் வராது, மாப்ள," என்றார் மாரப்பன்.

சனிக்கிழமை மத்தியானம், வந்த டீமுக்குக் கோவிந்தராஜுலு வீட்டில் விருந்து. மில் நடத்திய குடும்பம், பந்தாட்ட மன்றத்துக்குத் தலைவர். குளத்தேரிப் பையன்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டதால், ஊர் சார்பில் மாரப்பன் மட்டும்தான் இருந்தார். நாட்டுக்கோழி, அரிசியும் பருப்புஞ்சோறு, கொள்ளு ரசம். பாலக்காட்டுப் பையன்கள் கூச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். அவர்களைக் கூட்டி வந்த அஃப்தாப் என்ற பெரியவர் இலையை மூடும்போது, "இத்தனை நல்ல ஊணு உண்டு நாளாச்சு" என்று சொல்ல, மாரப்பனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"நாளைய ஆட்டத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுப்பா," என்றார் கோவிந்தராஜுலு.

மாரப்பன் எழுந்தார். கையில் மைக் இல்லை, ஆனால் குரல் மைக்குக் குரல்தான்.

"பெரிய டீமு நீங்க. எங்க பசங்க ஒண்ணுமில்லீங்க, ஒங்க முன்னால நிக்கறதே பெருசு. எட்டுப் பேரு பின்னால பதுங்கிக்கிட்டு நிப்பானுங்க. முன்னால ஓடறதுக்கு எங்க சாய்குமாரு ஒருத்தந்தான், அவனுக்கும் வெயிலு தொணைக்கு வேணும்."

பையன்கள் சிரித்தார்கள். அஃப்தாப் புன்னகையோடு கேட்டார். கேட்கிற முகம் மலர்ந்திருந்தால் மாரப்பனுக்கு நாக்கு நிற்காது. இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார், இன்னும் கொஞ்சம்.

"கோலி என்ற தங்கச்சி மகனுங்க. கோலியுன்னு பேரு, அவ்வளவுதான். எடது கையி தலைக்கு மேல தூக்க வராதுங்க அவனுக்கு. அந்தப் பக்கம் ஒசரமா வந்தா வேடிக்கை பாத்துட்டுத்தான் நிக்கோணும்."

சிரிப்பு நின்றது. ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்தான். அஃப்தாப் தலைகுனிந்து தம்ளரை நகர்த்தி வைத்தார். அப்போதுதான் தன் வாயிலிருந்து போனது என்ன என்று மாரப்பனுக்கு விளங்கியது. காது இரண்டும் பழுத்த மிளகாயாகச் சுட்டது. "வெத்தலை எடுத்துக்கோங்க" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் போன பிறகு கோவிந்தராஜுலு கேட்டார்: "ஏம்ப்பா மாரப்பா, கையப் பத்தினது நெசமா?"

"நெசந்தானுங்க மொதலாளி."

"நெசத்தையுமா தாழ்த்திச் சொல்றது?"

செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார் மாரப்பன்.

ஞாயிறு காலையில், கிருபாவிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று தங்கை வீட்டுக்குப் போனார். சொன்னால் அவன் நிற்க மாட்டான், கையாவது பிழைக்கும். தெய்வாத்தாள் காப்பி கொண்டு வந்தாள்.

"ஏனுங்ணா, நேத்துல இருந்து இவன்மேல தைல வாசம் அடிக்குது. கேட்டா பட்டறை கிரீஸுங்கறான். கிரீஸு எப்பிருந்து யூக்கலிப்டஸ் வாசம் அடிக்குது?"

"புது கம்பெனி கிரீஸும்மா," என்ற கிருபா, அம்மாவுக்குப் பின்னால் நின்று மாமனைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்த ஒரு கண்ணடிப்பு போதும், மாரப்பன் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார். காப்பியை ஒரே மடக்கில் குடித்து, வாய் வெந்து, மைக் செட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டார்.

மைதானத்தில் மேற்குக் கோலுக்குப் பக்கத்தில் அவர் மேசை. டீக்கடையிலிருந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அஃப்தாப் தேடி வந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாரப்பன் சேட்டா, நேத்து நீங்க அது எதுக்குச் சொன்னீங்கன்னு எனக்கு மனசிலாயி. சொந்தப் பையனாணு, பயம் உண்டாகும். உங்க சோறு உண்டவங்களாணு நாங்க. அந்தக் கைப் பக்கம் ஒரு பந்தும் வராது. பையன்மாருகிட்டச் சொல்லியாச்சு."

மாரப்பன் நாக்குத் தவறி உளறியதை, மருமகனுக்காக மடியேந்திக் கேட்டதாக அந்த மனுஷன் எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லை என்று சொன்னால், பெருமைக்கு உளறினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் கிருபாவைப் பிச்சைக்காரனாக்க வேண்டும். "சரிங்க" என்றார். வேறு என்ன சொல்வது.

டாஸ் சாய்குமாருக்கே விழுந்தது. முன்பாதியில் எட்டுப் பேரும் பின்னால் நின்றார்கள். ஆனால் பாலக்காட்டுக்காரர்கள் நடுவில் விளையாடி ஏமாறவில்லை. எட்டுப் பேரையும் ஓரத்துக்கு இழுத்து, அப்புறம் உள்ளே போட்டார்கள். சாய்குமார் நகர்ந்தால் இரண்டு பேர் கூடவே நகர்ந்தார்கள். கிருபாவின் வலப்பக்கம் தாழ்வாக ஒரு கோல் விழுந்தது. மாரப்பன் மைக்கில் சொன்னார், குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

இடைவேளையில் கிருபா தண்ணீர் குடிக்க வந்தான். முகத்தில் சந்தோஷம். "மாமா, கவனிச்சீங்களா? ஒரு பந்துகூட எடப்பக்கம் வரலீங்க. கருப்பராயன் சாமி நம்ம பக்கம்."

மாரப்பன் வயரைக் குனிந்து பார்த்தார். வயரில் ஒன்றுமில்லை.

பின்பாதியில் வந்தவர்களின் கோலி முன்பக்கம் நீட்டிய தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றான். வெயில் வந்தது, தொப்பியில் பட்டது, போனது. சாய்குமார் ஒரு தரம் உயர அடித்ததையும் அவன் நிதானமாகப் பிடித்தான். "இவனுக்கு எப்பிட்றா தெரிஞ்சுது?" என்று சாய்குமார் கத்தியது மேசை வரை கேட்டது. இரண்டாவது கோல் விழுந்தது. அதுவும் வலப்பக்கம்.

அதன் பிறகுதான் அது நடந்தது. பாலக்காட்டு நெட்டையன் ஒருவன் பந்தோடு தனியாக வந்தான். கிருபா வழுக்கி வலது கம்பத்தோரம் கிடந்தான். இடப்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. நெட்டையன் காலை ஓங்கினான், நிறுத்தினான், பந்தைப் பின்னால் தள்ளிவிட்டான்.

கூட்டம் ஊளையிட்டது. "யோவ், கேட்டு தொறந்து கெடக்குது, எதுக்குய்யா திருப்பற? மாமியாரு வீடா?"

கிருபா எழுந்து நின்றான். நெட்டையனைப் பார்த்தான், தன் இடது தோளைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பி மேசையைப் பார்த்தான். இவ்வளவு பெரிய மைதானத்தில் அந்தச் சங்கதி தெரிந்த இன்னொரு ஆள் ஒருத்தர்தான். மாரப்பன் தலையைத் தூக்கவில்லை. தூக்காததே பதிலாகிப்போனது.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பெனால்டி. அடிக்க வந்தது அதே நெட்டையன். கிருபா நடுவில் நிற்காமல் வலது கம்பத்தை ஒட்டிப் போய் நின்றான். இடது கையை ஏறும் மட்டும் ஏற்றி, அந்தப் பக்கத்தைக் காட்டினான். கை தோள் மட்டத்துக்கு மேல் போகவில்லை. ஊர் முழுக்கப் பார்த்தது.

"இங்க அடிங்க! ஆம்பளையா இருந்தா இங்க அடிங்க!"

நெட்டையன் வெளியே அஃப்தாப்பைப் பார்த்தான். அவர் கிருபாவின் கையைப் பார்த்துவிட்டு, அடி என்று தலையை அசைத்தார். பந்து உயரமாக இடப்பக்கம் போனது. கிருபா முழு உடம்போடும் பாய்ந்தான். கை போகிற அளவுதான் போனது. பந்து அதற்கு மேலாக வலைக்குள் போனது. விழுந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நெட்டையனிடம் நடந்து போய்க் கை கொடுத்தான். "இப்பத்தானுங்க வெளையாடுனீங்க," என்றான்.

"கோல்" என்று சொல்ல வேண்டியது மாரப்பன் வேலை. ஸ்பீக்கர் குழாய் இரண்டும் வெறுமனே இரைந்துகொண்டிருந்தன.

ஆட்டம் முடிந்தது. அஃப்தாப் கிருபாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். கிருபா கேட்டுக்கொண்டான். பிறகு நேராக மேசைக்கு வந்து, தானே சுவிட்சைத் தட்டி மைக்கை நிறுத்தினான்.

"எனக்காகப் பெரியவருகிட்டக் கேட்டுக்கிட்டீங்களாமா, மாமா?"

"கேக்கல கண்ணு. சாமி சத்தியமா கேக்கல."

"அப்பறம்?"

"பெருசா ஒண்ணுமில்லீன்னு சொல்லப்போயி... வந்தவங்ககிட்ட நம்மளப் பெருசாச் சொல்லக் கூடாதுன்னு... வாயி போயிருச்சு."

கிருபா திட்டுவான் என்று மாரப்பன் காத்திருந்தார். திட்டினால் தேவலாம் என்றிருந்தது. அவன் குனிந்து, தரையில் கிடந்த மைக் வயரைப் பார்த்தான். வலது கையால் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"ஏனுங்க," என்றான், முகம் தெரியாத ஆளைக் கூப்பிடுகிற மரியாதையோடு, "இந்த வயரக் கொஞ்சம் சுத்தி எடுத்துக்கறீங்களா? போறவங்க காலு தட்டுது."

முப்பது வருஷத்தில் அந்த வாய் அவரை மாமா என்று கூப்பிடாமல் ஏனுங்க என்றது அதுதான் முதல் தடவை.

"சரிங்க," என்றார் மாரப்பன், தான் தூக்கி வளர்த்த பிள்ளையிடம். குனிந்து வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.