ஸ்டார்ட்டரில் செருகிய குச்சி

எண்பதுகளில் செண்பகத்தோப்புப் பக்கம், மலையை ஒட்டி எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிடுவார். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் இருவரும் தோப்பில்தான் கிடப்போம்.

கரண்ட் எப்போது வரும், போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி, அது எழும்பாதபடி ஒரு குச்சியைச் செருகிவிடுவோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வதுதான். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு.

ஒரு பங்குனியில் மலையில் தீப்பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் காட்டுக் காவலர் வேலியோரம் வந்து நின்றார். "தீ கீழ எறங்குது. சருகு அம்புட்டையும் கூட்டி அள்ளிருங்க. தொட்டிய ரொப்பி வையுங்க. கம்பிக்குக் கீழ எரியுதுன்னு கரண்ட நிறுத்தப் போறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தோப்புக்கு ஓடினார்.

தொட்டி கால்வாசி நிறைவதற்குள் கரண்ட் போய்விட்டது. நான் மோட்டார் ரூமுக்குப் போய் வழக்கம்போலக் குச்சியைச் செருகினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஸ்டார்ட்டர் மட்டும்தான் மேலே அந்த ரூமில்; மோட்டாரும் பம்பும் கிணற்றுக்குள், பாதி ஆழத்து மேடையில். ஓடும்போதே பம்பைச் சுற்றும் பெல்ட் நழுவியது என்று, அதை மாட்ட அவர் இறங்கினார்.

"பாத்து எறங்குங்க."

"கரண்டுதான் இல்லையேட்டி. செத்த நேரத்துல மாட்டிட்டு வாரேன்."

நான் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தேன். காற்று திரும்பி, தீ மேல்பக்கம் ஏறியது. கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கரண்ட் வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நொடிச் சந்தோஷத்துக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. அதன் பிறகுதான் அவர் அலறியது கேட்டது. ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

தோப்பில் ஓர் இலைகூடக் கருகவில்லை. அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. மில்லில் அவரை வாசல் கேட் காவலுக்கு மாற்றினார்கள். தோப்பை விற்றோம்.

அதிலிருந்து கரண்ட் போனால் போதும், வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு ஸ்விட்சாக அணைப்பேன். குச்சி வைத்தது யார் என்று அவர் கேட்டதே இல்லை. அவர் இடது கையால் சோறு பிசையும்போதெல்லாம் நான்தான் என்று சொல்ல வாயெடுப்பேன், அப்படியே விழுங்கிவிடுவேன்.

பத்து வருஷம் கழித்து ஒரு மத்தியானம். மலையில் மறுபடியும் புகை. கரண்ட் போனது. அடுப்படி ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தவள், அவர் முன்னால் நின்றுவிட்டேன்.

"அன்னைக்குக் குச்சி வச்சது நான்தான்."

"தெரியும்ட்டி" என்றார். "ஆசுபத்திரி போய்ச் சேருற வரைக்கும் அது உன் கையிலதான இருந்துச்சு."

நான் அழுதுகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூடத்து ஃபேனை அணைக்க மறந்துவிட்டது. கரண்ட் வந்ததும் அது தானாகச் சுற்றியது. அவர் வெடுக்கென்று வலது கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.