உப்புத் தண்ணீர் வாளி

வண்டன்மேட்டில் நான் மேற்பார்வை பார்த்த ஏலத்தோட்டத்துக்கு நத்தை பொறுக்க வந்தவர் அவர். அதற்கு முன் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தவர். காது பாதிதான் கேட்கும். மற்றவர்கள் நத்தைகளை உப்புத் தண்ணீர் வாளியில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவர் ஒவ்வொன்றாகப் போடுவார். ஒன்று நெளிந்து அடங்கிய பிறகுதான் அடுத்தது.

“ஏலப்பூவைத் திங்குதுன்னு இவ்வளவு கோவமா, அண்ணாச்சி?” என்று சத்தமாகக் கேட்டேன்.

“பூ கெடக்கட்டும் சார். கடலுக்கடியில என் தம்பி ஒரு நத்தையப் பாத்தான். ஓடு அவ்வளவு அழகு. மகளுக்குன்னு இடுப்புத் துணியில முடிஞ்சுக்கிட்டான். அது தும்பிக்கை மாதிரி ஒண்ண நீட்டி, விஷ ஊசிப் பல்லால துணியோட குத்திட்டு. கரை சேருமுன்ன மூச்சு நின்னுட்டு.”

“அது கடல் நத்தை. இதுங்க என்ன செஞ்சுது?”

“அத அன்னைக்கே வள்ளத்துல குடிக்க வச்சிருந்த தண்ணியில போட்டுட்டேன். கடல் நத்தைக்கு நல்ல தண்ணி ஆகாது. சாகுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்.” வாளிக்குள் பார்த்தார். “ஆனா, சீக்கிரம் செத்துட்டு சார்.”

அடுத்த நத்தையை எடுத்து மெல்ல வாளிக்குள் இறக்கினார்.

மறு வருடம் நத்தை இரண்டு மடங்கு பெருகியது. அவரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.