போத்தலுக்கு மூன்று சீனிக்கட்டி

பார்லி அவிகிற மணம் எனக்குக் காய்ச்சலின் மணம். சின்ன வயதில் உடம்பு கொஞ்சம் சுட்டாலே அம்மா பார்லித் தண்ணீர் வைத்துவிடுவார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரவும் மாட்டார். அதனால் பத்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாரிசின் லா சப்பலில் எங்கள் நாலாம் மாடி வீட்டின் "குசினி"யிலிருந்து அதே மணம் இன்னும் தடிப்பாக, இன்னும் இனிப்பாக, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தபோது, எனக்கு வரப்போகிற நோய்க்கு முன்கூட்டியே மருந்து காய்ச்சுகிறார்கள் என்று பயந்தேன். காய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்பா. காய்ச்சியது பியர்.

அது வன்னியில் சண்டை முடிந்ததற்கு அடுத்து வந்த மாரிகாலம். அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, அங்கே அகப்பட்டிருந்தார். சித்திரை மாதத்தில் ஒரு தடவை தொலைபேசி வந்தது, பிறகு வரவில்லை. அப்பா அவரைச் செத்தவர் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. சித்தப்பாவின் பெயரையே வாயில் எடுக்காமல் விட்டார். உணவகத்தில் வேலை முடிந்து வரும்போது பியர் தகரங்களை ஒரு பையில் கொண்டுவந்து, குசினி நிலத்தில் "சோபாஜ்" என்று நாங்கள் சொல்லும் அந்தச் சுவர்க் கணப்புக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குடிப்பார். சத்தம் போடமாட்டார், கை நீட்டமாட்டார். "ஏசினாலாவது பதிலுக்கு ஏசலாம், இந்த மனிசன் கல்லு மாதிரி எல்லே இருக்குது," என்று அம்மா தொலைபேசியில் பெரியம்மாவிடம் அழுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அம்மா சாமித்தட்டில் கற்பூரம் கொளுத்திவிட்டு, கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்த என்னைக் கையில் பிடித்து இழுத்துவந்து அதன் முன் நிறுத்தினார்.

"இவளின்ர தலையில கையை வைச்சுச் சொல்லுங்கோ, இனிக் குடிக்கமாட்டன் எண்டு."

அப்பா வைத்தார். வெங்காயமும் பாத்திரம் கழுவும் சோப்பும் மணத்த கை. "இனிக் குடிக்கமாட்டன்," என்றார். கற்பூரம் அணைந்தது, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடப் போய்விட்டார். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் கேடு மீறியவருக்கு அல்ல, தொட்ட தலைக்கு என்பது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஊரில் யாரோ ஒருவர் அப்படி மீறினாராம், மாதம் முடிவதற்குள் அவருடைய பிள்ளை… என்று தொடங்கி அம்மா அந்தக் கதையை எப்போதும் அந்த இடத்திலேயே நிறுத்துவார். என் தலையை இரவல் தருகிறேனா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

அப்பா சொல்லைக் காப்பாற்றினார். தகரங்கள் வருவது நின்றது. ஆனால் சோபாஜுக்கு முதுகைக் கொடுத்து உட்காருவது நிற்கவில்லை; முன்பு குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தவர், இப்போது குடிக்காமல் பேசாமல் இருந்தார். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அவருடைய உணவகத்தில் வேலை செய்பவர்கள் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பார்கள். அந்த வருஷம் அப்பாவின் பெயரை எடுத்தவன் ஒரு பிரெஞ்சுப் பரிசாரகப் பெடியன். சத்தியம் கித்தியம் ஒன்றும் அறியாத அந்தப் புண்ணியவான், வீட்டிலேயே பொன்னிற ஏல் பியர் காய்ச்சுவதற்கான பெட்டி ஒன்றை அழகான தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

"இதென்ன கோதாரியைக் காவிக்கொண்டு வாறியள்?" என்றார் அம்மா.

"பியர் காய்ச்சிற சாமான். என்ர பேருக்கு விழுந்தது."

"அப்ப சத்தியம்?"

"காய்ச்சிப் பாக்கப்போறன் எண்டுதானே சொல்லுறன். குடிக்கப்போறன் எண்டு சொன்னனானே?"

அம்மா அதை யன்னலால் தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். அவர் எறியவில்லை. பெட்டிக்குள் இருந்த கண்ணாடிச் சாடியையும், இறப்பர் மூடியையும், வெப்பமானியையும் அப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். மாதக்கணக்காக அப்பா எந்தச் சாமானையும் அப்படிப் பார்த்ததில்லை. அம்மா ஏன் பேசாமல் நின்றார் என்று இன்று எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு, என்னைக் கைவிட்டுவிட்டார் என்று மட்டும்தான் விளங்கியது.

பெட்டியில் ஒரு செய்முறைத் தாள் இருந்தது, பிரெஞ்சில். எங்கள் வீட்டில் பிரெஞ்சு என்றால் நான்தான். வதிவிட அனுமதி தரும் பிரிபெக்தூர் அனுப்பும் கடிதம், மின்சாரக்காரன் கடிதம், என் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றியே முறையிட்டு வரும் கடிதம், எல்லாவற்றையும் "பிள்ளை, இந்தப் பபியேயை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு," என்று என் கையில்தான் தருவார்கள். இதையும் தந்தார்கள். என் சாவுக்கான செய்முறையை நானே வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லும்படி ஆயிற்று. தானியத்தை இந்தச் சூட்டில் ஒரு மணித்தியாலம் வைக்கவும், வடிக்கவும், கைப்புக்கு ஹொப் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கவும், விரைவாக ஆறவைக்கவும் என்று நான் சொல்லச் சொல்ல, அப்பா குசினிக்காரனின் கையோடு ஒவ்வொன்றையும் பிசகாமல் செய்தார். செய்யும்போது பேசினார். அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, என் சித்தப்பா சின்னனில் தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போடுவாராம் என்றும், அடியில் தங்கியதை விரலால் வழித்துத் தின்பாராம் என்றும் சொன்னார். அம்மா வெங்காயத்தை வெட்டாமல் கத்தியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

சாடியை சோபாஜுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அதன் பக்கத்தில், பழைய கம்பளிச் சட்டை சுற்றி, அம்மாவின் தோசைமாச் சட்டி. இரண்டும் நுரைத்தன. தோசைமா சத்தம் போடாது. சாடியின் மூடியில் இருந்த தண்ணீர்க் குழாய் மட்டும் "புளுக்" என்று ஒரு குமிழை விடும், கொஞ்சம் பொறுத்து இன்னொன்றை விடும். இரண்டு கிழமை அந்தச் சத்தத்தின் பக்கத்தில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தேன். நாளுக்குப் பத்துத் தரம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டாம் கிழமை எனக்குத் தடிமன் பிடித்தது. ஒருவருக்கும் சொல்லாமல், மூக்குச் சிந்திய கடதாசிகளைப் பாடசாலைப் பைக்குள் ஒளித்து வைத்தேன். தெரிந்தால் அம்மா பார்லி வைப்பார், அதோடு என் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒருநாள் அப்பா சாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "மாசி பத்தாம் திகதி தம்பியின்ர பிறந்தநாள். அண்டைக்குத் திறப்பம்."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. தம்பியின் பெயரால் கேட்கிற மனிதனிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது? அம்மா சொல்லாவிட்டால் நான்தான் ஏதாவது செய்யவேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

போத்தலில் அடைக்கிற நாள் வந்தது. உணவகத்தில் வீசியிருந்த எலுமிச்சைச் சோடாப் போத்தல்கள், கம்பி மூடி போட்டவை, ஆறு. அப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மேசையில் சீனிக்கட்டிப் பெட்டி. தாளில் போத்தலுக்கு ஒரு சீனிக்கட்டி என்று இருந்தது. எங்கள் அப்பா இனிப்பு ஆகாத மனிதர்; வெறும் தேத்தண்ணிதான் குடிப்பார், பாயாசத்தைக் கண்டால் பந்தியிலிருந்து எழும்பிவிடுவார். என் பத்து வயது மூளைக்கு அதற்கு மேல் ஒன்றும் எட்டவில்லை.

"எத்தினை சீனிக்கட்டி, பிள்ளை?"

"மூண்டு."

அப்பா என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மூண்டோ?"

"ஓம். மூண்டு."

"சரி. சித்தப்பன்ர தேத்தண்ணி மாதிரித்தான் வரப்போகுது," என்றுவிட்டு, ஒரு போத்தலுக்கு மூன்றாக எண்ணிப் போட்டார். ஆறையும் பாத்திர அலுமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிக் கதவைச் சாத்தினார். மூடிய போத்தலுக்குள் சீனி காற்றாக மாறும் என்பதும், கண்ணாடி தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு என்பதும் எனக்குத் தெரியாது. அந்தத் தாளின் பின்பக்கத்தில் அது எழுதியிருந்தது. நான் பின்பக்கத்தை வாசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் குசினி நிலத்தில் படம் கீறிக்கொண்டிருந்தேன். அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அலுமாரிக்குள் முதலாவது வெடித்தது. அது என்ன சத்தம் என்று நான் தலையைத் தூக்குவதற்குள் நிலத்தோடு கிடந்தேன். அப்பா தன் முழு உடம்பாலும் என்னை மூடிக்கொண்டு, என் தலையை ஒரு கையால் நிலத்தில் அமத்திப் பிடித்திருந்தார். இரண்டாவது வெடித்தது. "எழும்பாதை! தலையைத் தூக்காதை!" மூன்றாவதும் வெடித்தது. அலுமாரிக் கதவின் கீழால் பொன்னிறமாக ஒரு நீர் ஒழுகி வந்து என் கன்னத்தைத் தொட்டது. அம்மா வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

சத்தம் நின்ற பிறகும் அப்பா எழும்பவில்லை. என் முதுகில் அவருடைய நெஞ்சு குலுங்கியது. "தம்பி… என்ர தம்பி…" என்று அழுதார். அந்த வருஷம் முழுக்க அழாத மனிதன், என் மேல் கிடந்து, மேல்மாடிக் கிழவி வந்து கதவைத் தட்டும்வரை அழுதார். நான் மூச்சு விடவே பயந்து கிடந்தேன். செய்தவள் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிச்சம் மூன்று போத்தலையும் மாரிகால மேலங்கியைப் போட்டு, பெரிய சட்டி மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, குளியல் தொட்டிக்குள் வைத்துத் திறந்தார். நுரை முகட்டில் போய் அடித்தது. கடைசிப் போத்தலில் எஞ்சிய ஒரு கோப்பையை அம்மா மணந்து பார்த்துவிட்டு அப்பமாவுக்குள் ஊற்றினார். ஊரில் அப்பத்துக்குக் கள்ளு விடுவதுதான் வழக்கம், பாரிசில் கள்ளுக்கு எங்கே போவது என்று பல வருஷமாகப் புலம்பியவர். அடுத்தநாள் காலையில் அப்பா அப்பத்தைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தின்னுங்கோ," என்றார் அம்மா. "சத்தியம் குடிக்கிறதுக்குத்தான். தின்னுறதுக்கில்லை."

தின்றோம். கொஞ்சம் கைத்தது. நான் செத்துப்போகவில்லை.

இத்தோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். குடி நின்றது, உண்மை. ஆனால் சாடியைக் குப்பைக்குப் போட்டதோடு சித்தப்பாவின் கதைகளும் நின்றுபோயின. மாசி பத்து ஒரு சத்தமும் இல்லாமல் கடந்து போயிற்று. அப்பா திரும்பவும் சோபாஜுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். நான் போத்தல்களை உடைத்தது மட்டுமல்ல, அவருடைய வாயையும் அடைத்துவிட்டேன் என்ற எண்ணத்தைப் பாடசாலை, பல்கலைக்கழகம், வேலை என்று போன இடமெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தேன்.

போன வருஷம் அவர்கள் லா சப்பல் வீட்டை விட்டு பாரிசுக்கு வெளியே எபினேக்குக் குடிபோனார்கள். கடதாசிகளைப் பிரிக்க நான் போயிருந்தேன். அப்பா ஒரு பபியேயையும் எறியாதவர். பழைய சம்பளத் துண்டுகளுக்கு நடுவில் அந்தச் செய்முறைத் தாளும் மடித்துக் கிடந்தது. இப்போது அவருடைய கைத்தொலைபேசி எந்தப் பிரெஞ்சுக் கடதாசியையும் படமெடுத்துத் தமிழில் வாசிக்கும். விளையாட்டாக அதைத் தாளின் மேல் பிடித்தார். "ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சர்க்கரைக் கட்டியை இடவும்," என்றது ஒரு பெண் குரல், ஒரு தயக்கமும் இல்லாமல்.

"அப்பா, அண்டைக்கு நான் வேணுமெண்டுதான்…"

"தெரியும்," என்றார். விரலால் அந்த வரிக்குப் பக்கத்தில் தொட்டார். அங்கே சின்னதாக ஒரு படம்: ஒரு போத்தல், அதன் பக்கத்தில் ஒரே ஒரு சீனிக்கட்டி. "எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத்தான் தெரியாது, பிள்ளை. படம் பாக்கத் தெரியாதே?"

"பிறகு ஏன் மூண்டு போட்டனீங்கள்?"

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "தம்பியின்ர நாளுக்கு நான் அதைக் குடிச்சிருப்பன். உன்ர தலையில கை வைச்சதைத் தெரிஞ்சுகொண்டே குடிச்சிருப்பன். அந்த ரெண்டு கிழமையும் நீ நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாத்ததைக் கண்டனான். நானே நிப்பாட்டியிருக்க வேணும், ஏலாமல் கிடந்தது. நீ மூண்டு எண்டாய். இனிச்சுப் போனா வாயில வைக்கமாட்டன் எண்டு நினைச்சு, நீ சொன்னபடி போட்டன்." பிறகு சிரித்தார். "வெடிக்கும் எண்டு எனக்கென்ன தெரியும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு, சித்தப்பா தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி போடுவார் என்று, தெரிந்துகொண்டே கேட்டேன். "நாலு," என்று தொடங்கியவர், கட்டாமல் கிடந்த பெட்டிகளுக்கு நடுவில் இருந்து பொழுதுபடும்வரை பேசினார்.

அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. குளியலறை முகட்டுக் கறையை வெள்ளையடித்திருப்பார்கள். எபினே வீட்டுக்கு இன்றும் கடிதங்கள் வருகின்றன. "பிள்ளை, ஒருக்கா வாசிச்சுச் சொல்லு," என்று என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பெண் குரல் பிழையில்லாமல் வாசிக்கிறது. ஒன்று என்று எழுதியிருந்தால், அப்பாவுக்கு அது ஒன்று என்றுதான் சொல்லும்.