கூழ்க்கடை நோட்டீசில் அப்பாவின் படம்

சாட்டிக் கடற்கரையில் நான் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்குக் கடை திறந்தபோது, நோட்டீஸ் அடிக்கும் செலவை ஏற்ற கனடா அண்ணன் கட்டளையும் போட்டார்.

“முன்பக்கத்திலை அப்பாவின்ரை படம் பெரிசாய் வரவேணும். கீழை பிள்ளையள், மருமக்கள் பேரெல்லாம், இருக்கிற நாட்டோடை போடு.”

நானும் முட்டாள்தனமாக ஓம் என்றேன். கூழ் பின்பக்கத்துக்குப் போய்விட்டது, அதுவும் பொடி எழுத்தில்.

முதல் நோட்டீசை வாங்கிய அம்மா ஒருவர் படத்தைப் பார்த்து முகம் வாடி, “ஐயோ பிள்ளை, எப்ப மோசம் போனவர்?” என்று துக்கம் விசாரித்தார். அடுப்படியில் கூழ் துழாவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்ச நோட்டீசுகளைக் கட்டோடு அடுப்பில் போட்டேன்.

இப்போது புது நோட்டீசின் முன்பக்கத்தில் ஆவி பறக்கும் கூழ்ச்சட்டி, கடைக்கு வரும் வழி, தொலைபேசி எண், அவ்வளவுதான்.

“எங்கட பேர் எங்கை?” என்று அண்ணன் போனில் கத்தினார்.

“அது செத்தவீட்டு நோட்டீசுக்கு, அண்ணை. இது கூழ் விக்கிற நோட்டீஸ்!”