மாமாவின் குதிரைத்தலை பக்கிள்

காலை ஆறு பத்து. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வாசலில் நான் முதலில் பார்த்தது புது லாரியை அல்ல, என் அக்காவின் கணவரான மாமாவின் இடுப்பை. உள்ளங்கை அகலத்தில் தங்க நிறக் குதிரைத்தலை. பிடரிமயிர் இழை இழையாகப் புடைத்திருந்தது. கண்ணில் சிவப்புக் கல். மாமா கட்டைவிரலால் அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். அது நடுவுக்கே வந்து நின்றது.

தலைதீபாவளிக்கு என் அப்பா எடுத்துக் கொடுத்த பெல்ட் அது. மாமனார் கொடுத்ததை அவர் வரும் இடத்தில் மாப்பிள்ளை போட்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் வாய் வராது. மாமாவோ மோதிரம்கூடப் போடாதவர். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு வாங்கிய முதல் சொந்த லாரிக்கே பூ வேண்டாம், பருந்து வேண்டாம், ஒரே பச்சை போதும் என்று சொல்லியிருந்தார். “ஏனுங்க, வாழைத்தோப்போரமா நிறுத்துனா வண்டியத் தேடோணுமுங்க” என்று பெயிண்டர் சலித்துக்கொண்டார். மாமா அசையவில்லை. முதல் லோடு ஏற்றும்வரை வண்டியில் ஒரு கீறல் விழக்கூடாது, அது ஒன்றுதான் அவருடைய கவலை.

அந்தப் பட்டறையில் பெயிண்ட் வேலை செய்பவர்கள் பெல்ட் போடுவதில்லை. இடுப்பில் துணி நாடா கட்டிக்கொள்வார்கள். பூஜைக்கு மாலையோடு வந்த மாமாவிடம் பெயிண்டர் மெதுவாகச் சொன்னார்: “பக்கிளக் கழட்டிருங்க சாமி. பெயிண்டு இன்னும் பச்சப்புள்ளைங்க.” மாமா திரும்பிப் பார்த்தார். தேங்காயோடு அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். மாமா கழற்றவில்லை. பம்பரில் ஏறி, வண்டியின் முகத்தோடு வயிற்றை ஒட்டி, கண்ணாடிக்கு மேலே மாலையைக் கட்டினார். இறங்கியபோது பச்சையின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு, கண்ணாடிக்குக் கீழிருந்து பம்பர்வரை.

“என்னங்க மாப்பிள்ளை இது?” என்றார் அப்பா.

“தேங்காச் சில்லு தெறிச்சிருச்சுங்க மாமா.”

தேங்காய் அப்போது அப்பாவின் கையில் முழுதாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார். அதன் மூக்கில் பச்சைப் பிசிறு ஒட்டியிருந்தது. தேங்காயை உடைத்தார். பெயிண்டர் டப்பாவை எடுத்துவரப் போனார்.

அன்று மத்தியானமே அந்த பெல்ட்டுக்கு வேறு பக்கிள் தேடி மாமா என்னை இழுத்துக்கொண்டு சேலம் வந்தார். சாப்பிடக்கூட விடவில்லை. கடைவீதியில் ஒரு கடையில் நின்றால் அடுத்த கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கம், கழுகு, மண்டையோடு, இங்கு யாரும் நேரில் பார்த்திராத வெளிநாட்டுக் கம்பெனிகளின் எழுத்துகள். “வெறும் வளையமும் ஒரு முள்ளும் இருந்தாப் போதுமுங்க” என்று கேட்டார். “அது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குங்க. லாரி ஓனருன்னு சொல்றீங்க, சிங்கத்தப் போடுங்க” என்றார் கடைக்காரர். “சிங்கம் போட்டா லோடு அதிகம் ஏறுமாங்க?” என்று மாமா கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கடையில் எளிமையாக ஒன்று கிடைத்தது. மாமா நகத்தால் சுரண்டினார். முலாம் சுருண்டு வந்தது. முள்ளை அழுத்தினார், வளைந்தது. “போலாம் மாப்ள” என்று அடுத்த கடைக்கு நடந்தார். இருட்டும்போது குதிரையோடுதான் பஸ் ஏறினோம்.

செய்தித்தாள் வேலைக்கு வந்த பிறகு மேடைகளில் வரிசையாக நிற்கும் ஆண்களின் இடுப்பைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வேட்டிக் கரையை விரலால் நெருடிப் பார்த்து வாங்குகிறவர்கள், டயரைத் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குகிறவர்கள், உடம்பின் நடுவில் இருப்பதை மட்டும் பார்க்காமல் வாங்குகிறார்கள். கனமான பித்தளை, மழுங்கிய விளிம்பு, படம் இல்லாத முகம்: இதைச் செய்வது கடினமல்ல. போன வாரமும் அதே கடைவீதியில் கேட்டுப் பார்த்தேன். சிங்கம் பெரிதாகியிருக்கிறது. இப்போது இரண்டு கண்ணிலும் விளக்கு எரிகிறது.

லாரி வாங்கிய அந்த வருடத் தீபாவளிக்கு அப்பா மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்தார். பெல்ட் தேவைப்படாத, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ரகம்.