ஒருவரும் சாகாத பெயர்

பாரிஸின் லா சப்பலில் காய்கறிக் கடை வைத்திருக்கும் குணரத்தினத்துக்கு 2011இல் பெண்குழந்தை பிறந்தது. நகரசபையில் பெயர் பதியச் சில நாள்தான் அவகாசம். அவன் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, புறநகரான திரான்சியிலிருந்து பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கோ ஒரு குழப்பமும் இல்லை.

"உன்ர தங்கச்சிதான் திரும்பி வந்திருக்கிறாள். தயாளினி எண்டே வையன்."

தயாளினி போரின் கடைசி நாள்களில் வன்னியில் காணாமல் போனவள். உடலைக் கண்டவர் யாருமில்லை. செத்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். வைத்துவிட்டால் தங்கச்சியைத் தன் கையாலேயே புதைத்த மாதிரி ஆகிவிடும் என்று அவன் பயந்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அம்மா தாங்கமாட்டா" என்று ஊரிலிருந்த தாயின் தலையில் பழியைப் போட்டுத் தப்பினான்.

வேறு தமிழ்ப் பெயர் தேடினான். அதுவும் சரிவரவில்லை. ஒன்று மச்சாளின் பெயர், ஒன்று கூடப் படித்தவளின் பெயர். எந்த நல்ல பெயர் வாயில் வந்தாலும் கூடவே ஒரு சாவும் வந்தது.

கடைசியில் கடைக்கு முருங்கைக்காய் வாங்க வருகிற ழாக் என்ற பிரெஞ்சுக்காரரைப் பிடித்தான். முன்பு கிரேக்கம் படிப்பித்த மனிதர். யாரும் வைக்காத பழைய பெயர் ஒன்று வேண்டுமென்று கேட்டான்.

"இயாந்தே" என்றார் அவர். ஊதாப் பூ என்று பொருளாம். பொருளை யார் கேட்டது?

மனைவி நாகேஸ்வரி பிள்ளையை மடியில் வைத்தபடி முறைத்தாள்.

"இதென்ன பேரப்பா? அர்ச்சனைக்குச் சொன்னால் ஐயர் மயங்கி விழுந்திடுவார்."

"இந்தப் பேரிலை எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லை, நாகேஸ்."

அவள் எழுந்து, நகரசபைக்குக் கொண்டுபோக வேண்டிய ஆஸ்பத்திரித் தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

பெயரைப் பதிந்துவிட்டுக் கடைக்கு வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தான். அவள் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், நாக்குப் புரளவில்லை.

"தங்கச்சின்ர பேரை வைச்சிருக்கலாமே, ராசா."

"நீங்கள் தாங்கமாட்டியள் எண்டுதான் அம்மா..."

"நான் போன மாசமே அவளுக்குத் திவசம் குடுத்திட்டன். உனக்குச் சொல்லத்தான் பயமாயிருந்தது."

குணரத்தினத்துக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது.

"உயிரோடை இருக்கிறவளுக்குத் திவசம் குடுக்கச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?"

வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் அம்மா அழுதாள். தயாளினி வருவாள் என்று காத்திருக்க இனித் தன்னைத் தவிர யாருமில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.