மதினியின் பழ பப்ஸ்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பாக்கெட்டை எடுக்க வேண்டுமென்றால் நன்றாகக் குனிய வேண்டும். ஐஸ் பெட்டியில் மேலாகப் பட்டாணியும் மக்காச்சோளமும் கிடக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டால், அட்டைபோல விறைத்துக் கிடக்கும் பப்ஸ் மாவு தட்டுப்படும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேமியா வாங்கப் போன நான், அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு, பாக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்ற ஒரு பெண், "எடுக்கீங்களா, இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் சுதாரித்து நகர்ந்தேன். பாக்கெட் என் கையோடு வந்துவிட்டது. மதினி போன பிறகு எங்கள் வீட்டுக்கு அந்த மாவு வந்தது அன்றுதான்.

மதினி என் அண்ணனின் மனைவி. ஊர் தூத்துக்குடி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பேக்கரியில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். உறவு முறைக்குத்தான் மதினி. வயதில் என்னைவிடச் சில மாதம் இளையவள். அதனால் வாய் 'நீங்க' என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் நான் அவளை ஒருநாளும் 'அவர்' என்று நினைத்ததில்லை. அப்போது எனக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்காத நிலை. ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதப் போய்வந்துகொண்டிருந்தேன். புதுப்பெண் வருகிறாள் என்றதும் எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. இனி இந்த வீட்டில் நான் எந்த மூலையில் உட்காருவது என்று தெரியவில்லை. வந்த வாரமே அவள் அடுப்படியிலிருந்து, "ஏட்டி, இங்கன வா, இதுல உப்பு பாரு" என்று கூப்பிட்டாள். வயதுக்கு மூத்தவளைப் போய் 'ஏட்டி' போடுகிறாளே என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்கோ அந்த ஒரு சொல்லிலேயே என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.

பேக்கரியில் இருந்த காலத்தில் சாயங்காலம் ஒரு பப்ஸ் தின்று பழகியவள். எங்கள் தெருமுனைப் பேக்கரி பப்ஸ் அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வைக்கிற மசாலாதான் சரியில்லை, மாவு நல்ல மாவு என்று தீர்ப்புச் சொன்னாள். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பேக்கரிக்குப் போய், கல்லாவில் இருந்தவரிடம், "அண்ணாச்சி, பப்ஸ் வேண்டாம். மாவ மட்டும் தருவீங்களா?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"மாவ வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"பழம் வச்சு சுடப் போறேன்."

"பப்ஸுக்குள்ள பழமா? எந்த ஊரும்மா நீங்க?"

இருந்தாலும் கொடுத்தார். மடித்து மடித்துத் தேய்த்த மாவை பிளாஸ்டிக் தாளில் சுருட்டிக் கொடுத்தார். பின்னால் சூப்பர் மார்க்கெட் வந்து, ஐஸ் பெட்டியில் பாக்கெட் மாவு கிடைக்க ஆரம்பித்தபோது, அண்ணாச்சி கோபித்துக்கொள்வார் என்று அந்தப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் பேக்கரியைக் கடந்து வருவாள்.

எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த மாவு நிற்காது. அதிலிருக்கிற வெண்ணெய் இளகிவிட்டால் பிறகு அது சப்பாத்தி மாவுதான் என்பாள். அதனால் பால்காரர் மணியடிக்கிற நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவாள். பழத்தை முந்தின நாளே வதக்கி ஆறவைத்திருப்பாள்; சூட்டோடு வைத்தால் மாவு நனைந்து அடிப்பக்கம் களியாகிவிடும். மாவைச் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு கரண்டி பழம் வைத்து, முக்கோணமாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திக்கொண்டே வருவாள். ஆவி போக மேலே கத்தியால் ஒரு கீறல். வீட்டில் ஓவன் கிடையாது. அகலமான பழைய அலுமினியச் சட்டியில் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த கல் உப்பைப் பரப்பி, சூடேற்றி, அதன்மேல் பப்ஸ் அடுக்கிய தட்டை வைத்து மூடிவிடுவாள். அடிப்பக்கம் சிவந்தாலும் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். புரட்டும்போது ஒன்றிரண்டு உடைந்து பழம் வழியும். உடைந்தது எனக்கும் அவளுக்கும்.

மாம்பழக் காலத்தில் மாம்பழம், மற்ற நாளில் ஆப்பிள், அன்னாசி என்று எதையும் வைத்துப் பார்ப்பாள். ஆனால் வாழைப்பழத்தில் கருப்பட்டி போட்டுக் கிளறி வைப்பதுதான் அவளுக்கு இஷ்டம். முதல்முறை செய்தபோது அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கடம்பூர்ல போளி இருக்கு, இங்கன கடல மிட்டாய் இருக்கு. இது என்னத்துக்கு?" என்றாள்.

"அது கடைக்காரங்க செஞ்சது அத்தை. இது நான் செஞ்சதுல்லா?"

"மாவே கடையில வாங்குனதுதான!"

மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமா அத்தை. மாவு மட்டும் அவியளுது. மத்ததெல்லாம் நம்மளுது." அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கத்தான் செய்தாள். ஆனால் முணுமுணுத்துக்கொண்டே தட்டோடு வந்து நிற்கவும் பழகிவிட்டாள். மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் அண்ணன், செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன பழம்?" என்று கேட்பான்.

பாப்பா பிறந்து அவள் நடக்கத் தொடங்கிய சமயம், மதினிக்கு வயிற்றுவலி வந்தது. சூடு என்று மோர் குடித்தாள். வாயு என்று ஓமம் தின்றாள். உடம்பு கரைந்துகொண்டே வந்ததைப் பிள்ளைபெற்ற உடம்பு என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். மதுரையில் பார்த்தபோது குடலில் புற்று என்றார்கள். அந்த வயதில் அதெல்லாம் வருமா என்று அண்ணன் டாக்டரிடமே திரும்பத் திரும்பக் கேட்டானாம். அறுவை முடிந்து, பிறகு மருந்து ஏற்றுவதற்காக இருவரும் ரயிலில் போய்வந்தார்கள். போகிற நாளில் பாப்பாவை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன். தன் அம்மா படியிறங்குவதைப் பார்த்தால் பாப்பா அழுவாள் என்று சொல்லிக்கொண்டேன். பார்த்தால் நானும் அழுவேன் என்பதும் உண்மை.

அந்த மருந்துக்கு ஒரு குணம் இருந்தது. குளிர்ந்ததைத் தொட்டால் விரல் நுனியில் ஷாக் அடித்ததுபோல் இருக்குமாம். பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது, பிரிட்ஜைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பச்சைத் தண்ணீரில் கை கழுவக்கூட முடியாமல் ஒரு சொம்பு வெந்நீரைப் பக்கத்திலேயே வைத்திருப்பாள். பொங்கலுக்கு முந்தின வாரம், கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு காலையில், "ஏட்டி, பாப்பாவுக்கு ஒரு தடவ பழ பப்ஸ் செஞ்சு குடுக்கணும்" என்றாள். கைக்குழந்தைக்கு வேண்டாம் என்று அதுவரை கொடுத்ததில்லை. பாப்பாவுக்கு அப்போதுதான் பல் நிறைய வந்திருந்தது.

நான் போய் மாவு வாங்கி வந்தேன். பாக்கெட்டைக் கண்டதும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டாள். தொட்ட வேகத்தில் கையை உதறி மார்போடு இடுக்கிக்கொண்டாள். பாக்கெட் கீழே விழுந்தது. வலித்ததா என்று கேட்டேன். கீழே கிடந்த மாவையே பார்த்தபடி, "இது கூட என்னைய வேண்டாங்குது, பாரு" என்றாள். அவள் நோயைப் பற்றி என்னிடம் குறைசொன்னது அந்த ஒருமுறைதான்.

அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன், மடித்தேன். பழத்தை அம்மா கிளறினாள். "கருப்பட்டி இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை" என்றதும், மறுபேச்சு இல்லாமல் அம்மா தட்டிப் போட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா பழையபடி முணுமுணுத்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. சட்டியிலிருந்து எடுத்த முதல் பப்ஸை மதினி இரண்டாகப் பிய்த்து ஊதி ஊதிப் பாப்பா வாயில் வைத்தாள். உள்ளே இருந்த பழம் ஆறியிருக்கவில்லை. நாக்கைச் சுட்டுவிட்டது. பாப்பா வீறிட்டு அழுது, துப்பி, அன்று முழுவதும் அதன் பக்கமே வரவில்லை. "சரி விடு, அடுத்த தடவ திம்பா" என்றாள் மதினி. அவள் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுவிட்டு நெடுநேரம் மென்றுகொண்டிருந்தாள். விழுங்கினாளா என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தடவை வரவில்லை. மாசி முடியுமுன் போய்விட்டாள்.

அன்று பயன்படுத்தியது போக மிஞ்சிய மாவு பிரிட்ஜில் மேல்தட்டில் ஐஸுக்குள் கிடந்தது. பதினாறாம் நாள் கழிந்து வீட்டை ஒழுங்குசெய்தபோது நான் அதை எடுத்துப் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்தாள். "கெடக்கட்டும். அது என்ன சோறா கேக்குது?" என்றாள். கிடந்தது. அண்ணன் எப்போதாவது ஐஸ் எடுக்கத் திறந்து, அதைப் பார்த்து, எதையும் எடுக்காமல் மூடிவிடுவான். மதினியின் பெயரை அவன் வீட்டில் சொல்வதே நின்றுபோனது. பாப்பா கேட்டால், "ஆச்சிட்ட கேளு" என்று எழுந்து போய்விடுவான்.

அந்த வருஷம் ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, எங்கள் தெருவுக்கு மறுநாளும் கரண்ட் வரவில்லை. நான் ஆபீசிலிருந்து வந்தபோது அடுப்படித் தரையெல்லாம் தண்ணீர். அம்மா பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பாக்கெட். மாவு இளகி, வெண்ணெய் பிரிந்து, புளித்த வாடை வந்தது. சாவு வீட்டில்கூட வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிக்கொண்டு திடமாக நின்றவள் அம்மா. "இதக்கூட வச்சுக் காப்பாத்த எனக்குத் துப்பில்லையே ஏட்டி" என்று அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் வந்து பார்த்தான். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனான். எங்கே கொண்டுபோய்ப் போட்டான் என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்த மாவைக் காலையிலேயே மடிக்கத் தொடங்கவில்லை. தைரியம் வருவதற்குள் மத்தியானமாகிவிட்டது. மாவு தளர்ந்து கையில் ஒட்டியது. ஓரம் சரியாக அழுந்தவில்லை. வாழைப்பழமும் கருப்பட்டியும் வைத்தேன். அம்மா வாசம் பிடித்து எழுந்து வந்து, சட்டி மூடியைப் பிடித்துக்கொண்டாள். ஆறவைத்துப் பாப்பாவிடம் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று எடுத்தாள்.

"சூப்பரா இருக்கு அத்தை. இது நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

அவளுக்கு எதுவும் நினைவில்லை. இருக்கவும் முடியாது. நாக்கு சுட்டதும், ஊதிக் கொடுத்த வாயும், அவளுக்குள் எங்கேயும் இல்லை. "நான் இல்ல பாப்பா. உங்கம்மா செய்யுதது" என்றேன்.

"அம்மாவா? அம்மாவுக்கு இது பிடிக்குமா?"

எப்போது வந்தான் என்று தெரியவில்லை, அண்ணன் வாசலில் நின்றிருந்தான். வழக்கம்போலப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. வந்து பாப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "பிடிக்குமாவா? உங்கம்மாவுக்கு இதுக்குள்ள கொய்யாப்பழம் வைக்கணும். கொய்யான்னா அவளுக்கு உசுரு" என்றான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்து மதினி கொய்யாப்பழம் தொடமாட்டாள். விதை பல்லில் மாட்டும் என்பாள். அம்மாவைப் பார்த்தேன். அம்மா குனிந்து சட்டியிலிருந்த உப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒருவேளை எங்களுக்குத் தெரியாமல் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு கொய்யாப்பழம் இருந்திருக்கலாம். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அவன் வாங்கிவந்து, அவனுக்காக அவள் தின்றிருக்கலாம். அல்லது எனக்கே எல்லாம் கலங்கிப்போயிருக்கலாம். மதினியைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கேட்பதற்குத்தான் அவள் இல்லை.

"அப்போ அடுத்த வாரம் கொய்யா வச்சுச் செய்வோமா அத்தை?" என்று பாப்பா கேட்டாள். அண்ணனும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செய்வோம்" என்றேன்.